ஒரே சேறு, வேறு வேறு குடும்பங்கள்

வேம்பு, ஆமணக்கு, கனகாம்பரம். தாவரவியலில் இந்த மூன்றுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான உறவு கிடையாது. ஆனால் மூன்றின் குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு கிளை என்றோ ஒரு காலத்தில் கடலோரச் சேற்றில் இறங்கி, அங்கேயே நிலைத்துவிட்டது. வேம்பின் குடும்பத்திலிருந்து போனது சைலோகார்பஸ். ஆமணக்கின் குடும்பத்திலிருந்து போனது தில்லை. கனகாம்பரமும் ஆடாதோடையும் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது அவிசென்னியா பேரினத்து வெண்கண்டல். மருதமும் கடுக்காயும் ஒரு குடும்பம்; அதிலிருந்து வந்தது திப்பரத்தை. மருதோன்றிக்கும் மாதுளைக்கும் உறவான சொன்னரேஷியா, பருத்திக்கும் பூவரசுக்கும் உறவான சுந்தரவனத்து சுந்தரி மரம், தென்னையின் உறவான நீப்பா என்று பட்டியல் இன்னும் நீளும்.

உலகம் முழுவதும் ஏறத்தாழ 70 இனங்கள் இப்படி உப்பு நீரில் நின்று வாழப் பழகியிருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து அலையாத்தி மரங்கள் என்கிறோம். வாழும் இடத்தை வைத்து வந்த பெயர் அது. ஒரே தெருவில் குடியிருப்பதால் எல்லோரும் பங்காளிகள் ஆகிவிடுவதில்லை. இந்த மரங்களை இனம் பிரித்துப் பார்க்க விரும்புகிறவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஏனென்றால் அலையாத்தி மரத்தில் நம் கண்ணில் முதலில் படுபவை எல்லாம் சேறும் உப்பும் கட்டாயப்படுத்தி உண்டாக்கியவை. தடித்த இலை, சேற்றுக்கு மேலே தலைகாட்டும் வேர், மரத்திலேயே முளைவிடும் விதை ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குடும்பங்கள் தனித்தனியே உருவாக்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வைத்து உறவைத் தேடினால் வழி தவறும்.

வழி தவறியவர்களில் கார்ல் லின்னேயஸும் ஒருவர். தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டும் முறையை நிலைநிறுத்திய அவர், 1750களில் ரைசோஃபோரா என்ற ஒரே பேரினத்துக்குள் இன்று நாம் ரைசோஃபோரா, புருகீரா, காண்டேலியா, ஏஜிசெரஸ், சொன்னரேஷியா என்று பிரித்து வைத்திருக்கும் மரங்களை எல்லாம் அடக்கினார். இவற்றில் ஏஜிசெரஸும் சொன்னரேஷியாவும் முற்றிலும் வேறு குடும்பங்கள். ஸ்வீடனில் இருந்த அவர் இந்த மரங்களை நின்ற இடத்தில் பார்த்ததில்லை. கேரளக் கரையில் வான் ரீடு தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ போன்ற நூல்களின் படங்களும் விளக்கங்களும்தான் அவருக்குக் கிடைத்தன. சேற்றில் நிற்பது போன்ற பொதுப் பண்புகள் இவற்றை ஒரே கூடையில் போட அவரைத் தூண்டியிருக்கலாம். பின்னால் வந்தவர்கள் பூவைப் பிரித்துப் பார்த்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள்.

ஆகவே வேரைக் கடைசியில் பாருங்கள். சுற்றுலா அறிவிப்புப் பலகைகளும் பாடநூல்களும் வேரிலிருந்துதான் தொடங்குகின்றன. மூச்சுவேர் என்றால் அவிசென்னியா, தாங்குவேர் என்றால் ரைசோஃபோரா என்று ஒரு வாய்பாடு. பாதி உண்மைதான். காற்றில்லாச் சேற்றுக்கு மேலே குச்சிகுச்சியாக நீட்டி நிற்கும் மூச்சுவேர் அவிசென்னியாவுக்கு உண்டு, சொன்னரேஷியாவுக்கும் உண்டு, சைலோகார்பஸ் பேரினத்தில் ஓர் இனத்துக்கு உண்டு, அதன் உடன்பிறப்பான மற்றோர் இனத்துக்கு இல்லை. தண்டிலிருந்து வளைந்து இறங்கும் தாங்குவேர்களின் உயரம் நீர் ஏறி இறங்கும் அளவைப் பொறுத்து மாறும். இலையின் அளவையும் நம்ப முடியாது. வாய்க்கால் ஓரத்தில் உயர்ந்து வளர்ந்து பெரிய இலை விடும் வெண்கண்டல், உப்பு ஏறிய உட்பகுதியில் இடுப்பளவுப் புதராகக் குறுகிச் சின்ன இலை விடும். இரண்டும் ஒரே இனம்தான்.

தமிழ்நாட்டில் இதைப் பழக நல்ல இடம் பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, சிதம்பரத்துக்குக் கிழக்கே, சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் தீவுகளும் வாய்க்கால்களுமாகக் கிடக்கும் காடு. 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. முத்துப்பேட்டை இதைவிடப் பரந்தது என்றாலும், அங்கே பெரும்பாலும் வெண்கண்டலே நிறைந்திருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு குறைவு. பிச்சாவரத்தில் படகு ஓரமாக ஒதுங்கினாலே நான்கைந்து இனங்களின் கிளைகள் கைக்கு எட்டும்.

எட்டினாலும் கையை உடனே நீட்டக் கூடாது. முதலில் கண்ணால் பாருங்கள். இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக, கிளையில் சுற்றிச் சுற்றி அமைந்திருக்கின்றனவா? அவற்றில் சில, உதிரும் முன் செக்கச் சிவந்து நிற்கின்றனவா? அப்படியானால் அது தில்லையாக இருக்கலாம். அதன் இலையையோ கொம்பையோ ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். ஆமணக்குக் குடும்பத்தின் சொத்து அந்தப் பால். தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். கண்ணில் பட்டால் பார்வையே போகும் அளவுக்குப் பாதிப்பு வரலாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரும், நடராசர் கோயிலுக்குத் தலமரமும் தந்தது இதுதான். ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி மரங்களில் பூக்கும். ஆண் மரத்தில் மஞ்சள் கதிர்கள் நீளமாகத் தொங்கும். பெண் மரத்தின் கதிர்கள் குட்டையானவை, மூன்று புடைப்புள்ள சிறு காய்கள் அதில் உருவாகும். காயும் ஆமணக்கை நினைவூட்டுவதில் வியப்பில்லை. மூச்சுவேர், தாங்குவேர் எதுவும் தில்லைக்குக் கிடையாது. வேர்கள் தரைமேலே பின்னிப் படர்ந்து கிடக்கும்.

இலை ஒன்றுவிட்டு ஒன்றாக இருந்து, பாலும் வராவிட்டால் பிச்சாவரத்தில் பெரும்பாலும் இரண்டே வாய்ப்புகள். இலை சதைப்பற்றோடு, நுனியில் சின்னப் பள்ளம் விழுந்து, பூ வெள்ளையாக இருந்தால் திப்பரத்தை. இலைக்காம்பு இளஞ்சிவப்பாக, கொம்பு போல வளைந்த காய்கள் கொத்தாக நின்றால் நரிக்கண்டல் என்கிற ஏஜிசெரஸ். நரிக்கண்டல் பூக்கும் காலத்தில் அதன் மணமே ஆளைக் கூட்டிப் போகும். இலையின் மேற்பரப்பில் உப்புப் பொடி படிந்திருப்பதையும் காணலாம்.

இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருந்தால், பெரும்பாலும் ஒரு பக்கம் அவிசென்னியா, மறுபக்கம் ரைசோஃபோரா குடும்பம். இங்கே குழப்பமே வேண்டாம். இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வெளிறி, சாம்பல் பூசியது போல இருந்தால் அவிசென்னியா. கிளையின் நுனியில் இலைகளுக்கு நடுவே கூர்மையான ஓர் உறை நீட்டிக்கொண்டிருந்தால் ரைசோஃபோரா குடும்பம். அந்த உறைதான் இலையடிச்செதில். இளம் இலை மொட்டை மூடிக் காத்து, இலை விரிந்ததும் உதிர்ந்து, கணுவைச் சுற்றி ஒரு வளையத் தழும்பை விட்டுப் போகும். அவிசென்னியாவில் இந்த உறையும் இல்லை, தழும்பும் இல்லை. பூவோ காயோ இல்லாத மாதத்திலும் இந்த ஒரு அடையாளம் கைகொடுக்கும் என்பதால் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதன்மேல்தான் நம்பிக்கை.

அவிசென்னியா என்று உறுதியான பிறகு இலையை நாக்கில் தொட்டுப் பார்க்கலாம், கரிக்கும். வேர்கள் உறிஞ்சும் நீரோடு உள்ளே வந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. மழையில்லாத நாள்களில் நண்பகல் வெயிலில் இலையைச் சாய்த்துப் பிடித்தால் உப்புப் பரல்கள் மின்னுவது தெரியும். ரைசோஃபோரா வேறு வழியில் சமாளிக்கிறது: பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுத்துவிடுகிறது.

பிச்சாவரத்தில் அவிசென்னியாவில் இரண்டு இனங்கள் உள்ளன. காட்டின் பெரும்பகுதியை நிரப்பியிருப்பது அவிசென்னியா மரைனா என்கிற வெண்கண்டல். இலை நுனி கூர்மையானது, அடிப்பக்கம் வெளிர்ச் சாம்பல். பட்டை வழவழப்பாக, மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் மெல்லிய சில்லுகளாக உரியும். பூ அரை சென்டிமீட்டர்தான் இருக்கும். காய் உருண்டை. மற்றது கருங்கண்டல், அவிசென்னியா அஃபிசினாலிஸ். இலை நுனி உருண்டு மழுங்கியது. அடிப்பக்கத்தில் மஞ்சள் தோய்ந்த நிறம். பட்டை கருத்த சாம்பல், உரியாது. பூ வெண்கண்டலின் பூவைப்போல் இரண்டு மடங்கு. காயின் நுனியில் சின்ன அலகு ஒன்று நீட்டியிருக்கும், மேல்தோல் சுருக்கம் விழுந்திருக்கும். இரண்டிலும் விதை காய்க்குள்ளேயே முளைத்துவிடும், ஆனால் காயின் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வராது. நீரில் விழுந்த பிறகே தோல் கழன்று இரண்டு தடித்த விதையிலைகள் விரியும். நெடுங்காலம் அவிசென்னியாவை நொச்சி குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள், தனிக் குடும்பமாகவும் வைத்துப் பார்த்தார்கள். டிஎன்ஏ ஆய்வுகள்தான் அதைக் கனகாம்பரத்தின் குடும்பத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தன. அதே காட்டின் ஓரங்களில் நீலப் பூவும் முள் இலையுமாக மண்டிக் கிடக்கும் கழிமுள்ளியும் அந்தக் குடும்பம்தான். மரமும் முட்புதருமாக எதிரெதிரே நிற்கும் அந்த இரண்டும் உறவு என்று வெறும் கண்ணால் யாரும் ஊகித்திருக்க முடியாது.

இனி ரைசோஃபோரா குடும்பம். அலையாத்திக் காடு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் படம் இவற்றுடையதே: வளைந்து இறங்கும் வேர்கள், முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்கும் பச்சை நாற்றுகள். தொங்குவது காய் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் காய் மேலே பழுப்பு நிறத்தில் சின்னதாக இருக்கிறது. அதற்குள் முளைத்த விதையின் தண்டு காயைத் துளைத்துக்கொண்டு கீழே நீண்டிருக்கிறது. மரத்தில் இருக்கும்போதே அது பச்சை நிறமுள்ள, உயிருள்ள ஓர் இளஞ்செடி.

இந்தக் குடும்பத்தைப் பிரித்தறியப் புல்லி இதழ்களை எண்ணினால் போதும். புல்லிவட்டம் தடித்தது, பூ உதிர்ந்தாலும் காயின் தலையில் தங்கியிருக்கும், ஆகவே எண்ணுவது எளிது. நான்கு என்றால் ரைசோஃபோரா. ஐந்து என்றால் செரியாப்ஸ். எட்டோ அதற்கு மேலோ என்றால் புருகீரா. பிச்சாவரத்தில் உள்ள புருகீரா சிலிண்ட்ரிகாவில் எட்டு. மூன்று மூன்று பூக்களாக வரும், வெளிர்ப்பச்சையாக இருக்கும். வேறு கரைகளில் காணும் புருகீரா ஜிம்னோரைசாவில் பூ ஒற்றையாக, சிவந்த புல்லிவட்டத்தோடு, பத்துக்கும் மேற்பட்ட இதழ்களோடு வரும். கிளை எட்டாத உயரத்தில் இருந்தால் மரத்தடியைப் பாருங்கள். புருகீராவின் நாற்று புல்லிவட்டத்தையும் தலையில் சுமந்துகொண்டே விழும். ரைசோஃபோராவின் நாற்று புல்லிவட்டத்தைக் காயோடு மரத்திலேயே விட்டுவிட்டுத் தனியே நழுவி விழும். செரியாப்ஸின் நாற்று ஒல்லியானது, நீளவாக்கில் வரிவரியாகப் புடைத்திருக்கும். விரலால் உருட்டினாலே தெரியும். நெற்றி சுருக்கி யோசிக்க வேண்டிய இடம் இவற்றுக்குள் எதுவும் இல்லை.

யோசிக்க வேண்டிய இடம் ரைசோஃபோராவுக்குள் இருக்கிறது. பிச்சாவரத்தில் சுரபுன்னை என்று எல்லோரும் ஒரே பெயரில் சொல்வது இரண்டு இனங்களை: ரைசோஃபோரா அபிகுலேட்டா, ரைசோஃபோரா முக்ரோனேட்டா. இரண்டுக்கும் ஒரே மாதிரி தாங்குவேர். இரண்டின் இலை அடியிலும் சிறு கரும்புள்ளிகள் சிதறியிருக்கும். இரண்டின் இலை நுனியிலும் கூரிய முள் போன்ற நீட்சி. வாய்க்காலின் இரு கரையிலும் கலந்து நிற்கும். முக்ரோனேட்டாவின் இலை அகலமானது, அபிகுலேட்டாவின் இலை ஒடுங்கியது, அதன் இலைக்காம்பிலும் நுனி உறையிலும் பெரும்பாலும் சிவப்பு ஓடியிருக்கும். ஆனால் ‘அகலம்’, ‘ஒடுக்கம்’, ‘பெரும்பாலும்’ என்ற சொற்களை வைத்துக்கொண்டு தனித்து நிற்கும் ஒரு மரத்தைத் தீர்மானிக்க முடியாது.

தீர்மானிப்பது பூ உட்கார்ந்திருக்கும் இடம். ஒரு கிளையின் நுனியைக் கையில் பிடித்து, நுனியிலிருந்து பின்னோக்கிப் போங்கள். முதலில் உறை, அடுத்து இலைகள், அதற்குப் பின்னால் இலைகள் உதிர்ந்து தழும்பு மட்டும் மிஞ்சிய மொட்டைப் பகுதி. பூ இலைகளுக்கு நடுவே, இலைக்கக்கத்தில், மெல்லிய நீண்ட காம்பில் கவைகவையாகப் பிரிந்து நான்கு முதல் எட்டு வரை தொங்கினால் அது முக்ரோனேட்டா. அதன் அல்லி இதழ்களின் ஓரத்தில் அடர்த்தியான வெள்ளை மயிர்கள் இருக்கும். பூ மொட்டைப் பகுதியில், குட்டையான தடித்த காம்பின் மேல் இரண்டே இரண்டாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது அபிகுலேட்டா. இதழ்களில் மயிர் இருக்காது. அபிகுலேட்டாவின் மொட்டுகள் மெதுவாக வளர்கின்றன. பூ விரிவதற்குள் அந்தக் கணுவின் இலை உதிர்ந்துவிடுகிறது. பூவின் இடம் மாறித் தெரிவதற்குக் காரணம் அதுதான். நாற்றின் நீளமும் உதவும்: அபிகுலேட்டாவில் 20 முதல் 30 சென்டிமீட்டர், முக்ரோனேட்டாவில் 40க்கு மேல், சில சமயம் 70 வரை. முக்ரோனேட்டா நாற்றின் தோலில் சொரசொரப்பான புள்ளிகள் நிறைய இருக்கும்.

இதையெல்லாம் பழகிய பிறகு பிச்சாவரத்தில் ஒரு மரம் உங்களைத் தடுமாற வைக்கும். உயரமாக நிற்கும். இலை அபிகுலேட்டாவுக்கும் முக்ரோனேட்டாவுக்கும் இடைப்பட்டதாக இருக்கும். பூங்கொத்தில் பெரும்பாலும் நான்கு பூக்கள். நிறையப் பூக்கும், ஆனால் நாற்று தொங்குவது மிக அரிது. இதை ஒரு காலத்தில் நியூ கலிடோனியாவிலிருந்து அறியப்பட்ட ரைசோஃபோரா லமார்க்கி என்று கருதினார்கள். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையத்தின் கதிரேசன் 1995இல் இதைத் தனி இனமாக விவரித்து, ரைசோஃபோரா அண்ணாமலையானா என்று பெயர் சூட்டினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் டிஎன்ஏ குறியீடுகளை ஒப்பிட்டு, அபிகுலேட்டாவும் முக்ரோனேட்டாவும் கலந்து பிறந்த மரம் இது என்று காட்டினார்கள். லமார்க்கிக்குப் பெற்றோரில் ஒன்று ஸ்டைலோசா என்ற இனம். அது பிச்சாவரத்தில் இல்லை. பக்கத்துப் பக்கத்து மரங்களாக நிற்கும் இரண்டு இனங்களுக்குள் மகரந்தம் இடம் மாறுவதால் இப்படி ஒரு மூன்றாவது மரம் பிறக்கிறது. கலப்பினம் என்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. இனங்களுக்கு இடையிலான வேலி எவ்வளவு மெல்லியது என்பதை நேரில் காட்டும் மரம் அது. தேடிப் போய்ப் பார்க்கத் தகுந்தது.

இப்படி நுணுக்கி நுணுக்கிப் பிரிப்பதால் காட்டுக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. பயன் நேரடியானது, பெரியது. பிச்சாவரத்தில் 1970கள் வரை காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டும் வழக்கம் இருந்தது. வெட்டிய இடத்தில் வெயில் பட்டு மண் காய்ந்து அமிழ்ந்தது. பள்ளமான அந்தத் தரையில் ஏற்றத்தின்போது வந்த கடல்நீர் திரும்பிப் போக வழியின்றித் தேங்கி, வற்றி, உப்பைச் சேர்த்துக்கொண்டே போனது. அங்கே உமிரியைத் தவிர வேறெதுவும் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அந்தப் பள்ளங்களுக்குள் வாய்க்கால்கள் வெட்டி நீர் வந்து போக வழி செய்தன. பிறகு அங்கே வளர்ந்து நின்றது பெரும்பாலும் வெண்கண்டல்தான். உப்பை இலைவழியே தள்ளத் தெரிந்த மரம் அது. அதே இடத்தில் சுரபுன்னையை மட்டும் நட்டிருந்தால் பட்டுப் போயிருக்கும்; அதன் இயல்பான இடம் வாய்க்கால் ஓரம், நாள்தோறும் நீர் புழங்கும் விளிம்பு.

ஆனால் நடுபவர்களுக்கு எளிதானது சுரபுன்னைதான். நாற்று பெரியது, கையால் பொறுக்கலாம், சேற்றில் குத்தினால் நின்றுவிடும், ஒளிப்படத்துக்கும் அழகு. அதனாலேயே உலகம் முழுவதும் இடம் பார்க்காமல் ரைசோஃபோராவையே வரிசை வரிசையாக நட்டுவிடுகிறார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையில் பெரும் ஆர்வத்தோடு நட்ட தோட்டங்களை ஆய்வு செய்து 2017இல் வெளியிட்டார்கள். 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. நட்டவற்றில் பெரும்பங்கு ரைசோஃபோரா. நல்லெண்ணம், உழைப்பு, பணம் எல்லாம் இருந்தன. எந்த மரம் எந்த உயரத்துச் சேற்றில், எவ்வளவு நேரம் நீரில் நிற்கும் என்ற கேள்விதான் கேட்கப்படவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கவே, கையில் இருப்பது எந்த மரம் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். ஒரு மணி நேரம் படகில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளக் கூடிய பாடம் இல்லாததால் இத்தனை கன்றுகள் போயின.

நாற்று பொறுக்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ரைசோஃபோராவில் முற்றாத நாற்றைப் பிடுங்கி நட்டால் பிழைக்காது. முற்றியதா என்பதைக் காயும் தண்டும் சேரும் இடத்தில் பார்க்க வேண்டும். முற்றும்போது காய்க்குள்ளிருந்து ஒரு குட்டையான கழுத்து வெளியே தள்ளும். முக்ரோனேட்டாவில் அந்தக் கழுத்து மஞ்சளாக இருக்கும், அபிகுலேட்டாவில் சிவந்த பழுப்பாக இருக்கும். கழுத்தே தெரியவில்லை என்றால் நாற்று எவ்வளவு நீளமாக இருந்தாலும் மரத்திலேயே விட்டுவிடுங்கள். கழுத்து நிறம் ஏறிய நாற்றை லேசாகத் திருகினாலே கையோடு வந்துவிடும். மஞ்சள் கழுத்துள்ளவற்றை ஒரு சாக்கிலும் சிவப்புக் கழுத்துள்ளவற்றை வேறு சாக்கிலும் போடுங்கள். நாற்றங்காலுக்குப் போய்க் கழுத்து வாடிய பிறகு நீளத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம்.